மாத்திரை ஜன்னலும் மத்திய பட்ஜெட்டும்

எங்கள் சித்திக்கு மனச்சிதைவு நோய். இருபது வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். ஒழுங்காகச் சாப்பிடும் காலத்தில் அவரே சந்தைக்குப் போவார், முள்ளுக் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குவார், பேத்திக்குத் தலை பின்னிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. சில வருஷங்களுக்கு முன்பு ஓர் அரசு மருத்துவமனையின் மாத்திரை ஜன்னலில், "ஸ்டாக் இல்லம்மா, அடுத்த வாரம் வா" என்றார்கள். அடுத்த வாரமும் அதே பதில். வெளியே மெடிக்கல் ஷாப்பில் வாங்கியிருக்கலாம். ஆனால் சித்தப்பாவுக்கு அந்த மாதம் தறியில் வேலை இல்லை, எங்களிடம் சொல்லவும் கூச்சம். சித்தி வேறு, "நான் நல்லாத்தானே கீறேன், இன்னாத்துக்கு மாத்திரை?" என்று கேட்டுவிட்டார். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி அவரைப் பஸ் ஸ்டாண்டில் தேடிக் கண்டுபிடித்தோம்.

மனநலத்தில் அரசாங்கத்தின் பங்கு என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த ஜன்னல்தான் நினைவுக்கு வரும். தில்லியில் எழுதுகிற சட்டம், சென்னையில் ஒதுக்குகிற பணம், வேலூரில் வேலை பார்க்கிற டாக்டர் எல்லாம் வந்து சேருகிற இடம் அது. அங்கே மாத்திரை இருந்தால் கொள்கை இருக்கிறது என்று அர்த்தம்.

கொள்கை, சட்டம், திட்டம், நிதி என்று நான்கு சொற்கள் செய்திகளில் அடிபடும். நாலும் ஒன்று போலத் தோன்றும். நம் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். எல்லார் வீட்டுக்கும் குடிநீர் வர வேண்டும் என்று அரசு தீர்மானிப்பது கொள்கை. வராவிட்டால் நீங்கள் கேட்டு வாங்கலாம் என்பது சட்டம். பாலாறு காய்ந்து கிடக்கிறதே என்று காவிரியிலிருந்து குழாய் போட்டு டேங்க் கட்டுவது திட்டம். அந்த மோட்டாருக்கு மாசாமாசம் கரண்ட் பில் கட்டுவதும், ஆபரேட்டருக்குச் சம்பளம் கொடுப்பதும் நிதி. டேங்குக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. கரண்ட் பில்லுக்கு எவரும் ரிப்பன் வெட்டுவதில்லை. மனநலத்தில் செலவு பெரும்பாலும் இந்தக் கரண்ட் பில் வகைதான்: மாத்திரை, சம்பளம், வண்டிக்கு டீசல். அதனால்தான் அது எப்போதும் கண்ணில் படாமல் போகிறது என்று நினைக்கிறேன்.

சரி, இது யார் பொறுப்பு? அரசியலமைப்பில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மனநோய் மட்டும் தனியாக, மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் 16-ஆவது இனமாக இருக்கிறது. அங்கே எழுதியிருக்கும் சொற்கள் இன்று படித்தால் முகம் சுளிக்க வைக்கும் பழைய காலத்து ஆங்கிலம். விளைவு என்னவென்றால், சட்டம் தில்லியிலிருந்து வரும், ஆஸ்பத்திரியை நடத்த வேண்டியது சென்னை. இருவரும் பொறுப்பேற்கலாம், இருவரும் அடுத்தவரைக் கைகாட்டவும் செய்யலாம்.

சட்டம் எப்படி மாறியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1912-இல் வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டத்துக்குப் பெயரே பைத்தியச் சட்டம். பைத்தியம் பிடித்தவர்களிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்றுவதுதான் அதன் கவலை. 1987-இல் வந்த மனநலச் சட்டம் அதைவிட மேல், ஆனாலும் யாரை எப்படி ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, எப்படி வெளியே விடுவது என்பதிலேயே நின்றுவிட்டது. பிறகு 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நாடு முழுவதும் இப்படிப்பட்ட இடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னது.

நம் பக்கத்தில் மனநோய் கண்ட குடும்பங்களில் ஏர்வாடி தர்காவுக்குப் போய்வராதவை குறைவு. தர்கா, அம்மன் கோயில், மந்திரிக்கிறவர் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் டாக்டரிடம் வருவார்கள். எங்கள் குடும்பமும் அப்படித்தான் வந்தது. இதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்தக் காலத்தில் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கோயில் இருந்தது, மனநல மருத்துவர் இல்லை. அரசு இல்லாத இடத்தில் மக்கள் எங்கே போவார்கள்?

இப்போது நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. இதில் புதிது என்னவென்றால், சிகிச்சையை ஓர் உரிமையாக எழுதிவைத்ததுதான். 18-ஆவது பிரிவின்படி அரசு நடத்துகிற அல்லது அரசுப் பணத்தில் நடக்கிற சேவையில் மனநல சிகிச்சை பெற எல்லோருக்கும் உரிமை உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் அது இலவசம். இதே பிரிவுக்குள் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: சட்டம் சொல்லும் குறைந்தபட்ச சேவை உங்கள் மாவட்டத்து அரசு அமைப்பில் கிடைக்கவில்லை என்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் நீங்கள் சிகிச்சை பெறலாம், செலவை அரசு ஏற்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். நடைமுறையில் அதைக் கேட்டு வாங்கிய ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

சங்கிலி போடுவது இந்தச் சட்டத்தில் தடை செய்யப்பட்டிருக்கிறது. மயக்க மருந்து கொடுக்காமல் மின்னதிர்ச்சி சிகிச்சை தரக்கூடாது. தனக்கு எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். உடல் நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் காப்பீடு தர வேண்டும். அப்புறம் 115-ஆவது பிரிவு. வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன நெருக்கடியில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டம் போய்ப் புதியது வந்தபோது, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது பிரிவும் பொதுவான வடிவில் இல்லாமல் போனது. ஆனாலும் "போலீஸ் கேஸ் ஆகிடுமே" என்ற பயம் ஊரில் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

சட்டம் போதும், மோட்டாருக்கு வருவோம்.

1982-இல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கியது. நோக்கம் சரியானது: மனநல சிகிச்சையைப் பெரிய மனநலக் காப்பகங்களில் பூட்டிவைக்காமல் சாதாரண ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுவருவது. அது நடக்குமா என்று, பெங்களூரில் மத்திய அரசு நடத்துகிற மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் செய்து பார்த்தார்கள். நடக்கும் என்று தெரிந்தது. அந்த மாதிரியை வைத்து 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. பிறகு தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது.

இதன் கீழ் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு சிறிய குழு. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அவர்கள் மாவட்டத் தலைமை இடத்தில் மட்டும் உட்காராமல், குறித்த நாளில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ப் புறநோயாளிகளைப் பார்க்க வேண்டும். நோயாளிகள் இதை "மனநல டாக்டர் வர்ற நாள்" என்று சொல்வார்கள். அந்த நாளை வைத்துத்தான் பல குடும்பங்களின் மாதமே ஓடுகிறது. டாக்டருக்கு லீவு, மீட்டிங், கோர்ட்டில் சாட்சி என்று ஒரு வாரம் தவறினால், ஆணைக்கட்டுக்கு மேலே பீஞ்சமந்தை மலையிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். டாக்டர் பற்றாக்குறை உண்மைதான். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. முக்கால் என்பது நாடாளுமன்ற நிலைக்குழுவே சொன்ன கணக்கு.

மாவட்டம் என்ற சொல்லும் கொஞ்சம் வழுக்கும். பழைய வட ஆற்காட்டிலிருந்து 1989-இல் திருவண்ணாமலை தனியானது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பிரிவதற்கு முன் வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி 39 லட்சத்துக்கும் மேல். ஒரு மாவட்டக் குழுவுக்கு மத்திய திட்டத்தில் சொல்லப்பட்ட உச்சவரம்பு 83.2 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு வருஷத்துக்கு இரண்டு ரூபாய் சொச்சம். பிரிந்த பிறகு இன்றைய வேலூரில் 2011 கணக்குப்படி சுமார் 16 லட்சம் பேர், ஆளுக்கு ஐந்து ரூபாய் சொச்சம். ஒரு டீக்குக் காணாது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், இது மொத்தச் செலவு இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவின் சம்பளமும், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கித் தருகிற மாத்திரைகளும் மாநில பட்ஜெட்டில் வேறு தலைப்புகளில் கிடக்கின்றன. ஆனால் மனநலத்துக்கென்று பெயர் எழுதி மாவட்டத்துக்கு வருகிற பணத்தின் அளவு என்னவென்று தெரிந்துகொள்ள இந்த வகுத்தல் உதவும்.

இனி தில்லி. 2024-25 மத்திய பட்ஜெட்டில் மனநலத்துக்கென்று நேரடியாகக் காட்டிய தொகை சுமார் 1,000 கோடி ரூபாய். சுகாதார அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீடு 90,000 கோடியைத் தாண்டியது. நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆயிரம் கோடியில் 850 கோடி நிம்ஹான்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்கு. டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவைக்கு 90 கோடி. அசாம் தேஜ்பூரில் உள்ள மனநல நிறுவனத்துக்கு 64 கோடி. நிம்ஹான்ஸ் நல்ல நிறுவனம். ஆராய்ச்சி செய்கிறது, டாக்டர்களை உருவாக்குகிறது, நம் பக்கத்திலிருந்தும் ரயில் ஏறிப் போய்ச் சிகிச்சை பெற்று வந்தவர்கள் உண்டு. எனக்கு அதன் மேல் புகார் இல்லை. ஆனால் பேரணாம்பட்டில் இருக்கிற ஒருவருக்கு அந்த 850 கோடி எந்த வழியாக வந்து சேரும் என்று யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

மாவட்டக் குழுவுக்கான பணம் அந்த ஆயிரம் கோடிக்குள் தெரியாது. அது தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பெரிய பைக்குள், சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் எல்லாவற்றோடும் கலந்து வருகிறது. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதம். கலந்து வருவதால் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. மனநலத்தைத் தனித்தீவாக ஒதுக்காமல் மற்ற நோய்களோடு சேர்த்துப் பார்க்கலாம் என்பது நல்லது. பட்ஜெட் வந்ததும் "மனநலத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டால் ஒரே வரியில் பதில் கிடைக்காது என்பது கெட்டது.

இன்னொரு சொல்லையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: திருத்திய மதிப்பீடு. பிப்ரவரியில் நிதியமைச்சர் படிப்பது வெறும் உத்தேசம். வருஷக் கடைசியில் அதைத் திருத்துவார்கள். 2018-19-இல் தேசிய மனநலத் திட்டத்துக்கு 50 கோடி என்று அறிவித்தார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது ஐந்தரைக் கோடியாகச் சுருங்கியது. அறிவித்த நாளில் தலைப்புச் செய்தி வரும், சுருங்கிய நாளில் வராது. ஒதுக்கிய பணம் செலவாகாமல் திரும்பிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சதி எல்லாம் இல்லை. பணியிடத்துக்கு ஆள் கிடைக்காது, ஒப்பந்தச் சம்பளத்துக்கு வந்தவர் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார், கணக்குச் சான்றிதழ் தாமதமானால் அடுத்த தவணை நிற்கும்.

வேலூரைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் கேட்கிற கேள்வி: "உங்களுக்கென்ன, சி.எம்.சி. இருக்கே?" கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் சொல்கிறார்கள். இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-லிருந்து இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை இந்தியாவில் முன்னோடியாகக் கொண்டுவந்த இடங்களில் அதுவும் ஒன்று. வாசற்கதவைப் பூட்டி ஆளை உள்ளே விட்டுவிட்டு வருவதுதான் மனநல ஆஸ்பத்திரி என்றிருந்த காலத்தில் அது பெரிய மாற்றம். ஆனால் அது மிஷன் மருத்துவமனை, அரசு மருத்துவமனை இல்லை. கட்டணச் சலுகை, தர்மச் சிகிச்சை எல்லாம் இருந்தாலும், மாவட்டத்தில் நோயால் கஷ்டப்படுகிற அத்தனை பேரையும் அது சுமக்க முடியாது, சுமக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. 'அங்கே போங்க' என்று சொல்வது அரசுக்கு வசதியான பதில். அப்படிச் சொல்வதாக இருந்தால் செலவைத் தருகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 18-ஆவது பிரிவு அதைத்தான் கேட்கிறது.

சி.எம்.சி. ஆய்வாளர்கள் செய்த வேறொரு வேலை, என் பார்வையில் மனநலக் கொள்கையைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம். வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில் 1994 முதல் 1999 வரை நடந்த ஒவ்வொரு சாவையும், கிராம சுகாதாரப் பணியாளர்கள் மூலம் வீட்டாரிடம் பக்குவமாக விசாரித்து, காரணத்தைப் பதிவு செய்தார்கள். 2003-இல் வெளியான முடிவின்படி தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 95. அதே காலத்தில் காவல்துறைப் பதிவுகளை வைத்து வந்த தேசியக் கணக்கு லட்சத்துக்கு 11-ஐ ஒட்டித்தான் இருந்தது. கணியம்பாடி மக்கள் மட்டும் விசித்திரமானவர்களா? இல்லை. வயிற்றுவலி, விபத்து என்று சொல்லி மறைத்த சாவுகள் நிறைய என்பதுதான் அதிலிருந்து தெரிகிறது. மானம், போலீஸ், மீதிப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்ற கவலை. கணக்கில் வராத துக்கத்துக்குப் பட்ஜெட்டில் இடம் கிடைக்காது. தற்கொலை முயற்சியைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது மனிதாபிமானத்துக்கு மட்டும் உதவவில்லை, நாளாவட்டத்தில் கணக்கைச் சரியாக எடுக்கவும் உதவும்.

பிற்கால அதிகாரபூர்வக் கணக்கும் ஆறுதலாக இல்லை. 2022-இல் நாட்டின் விகிதம் லட்சத்துக்கு 12.4, தமிழ்நாட்டுக்கு 25.9. நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் எடுத்த 2015-16 தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. நோயைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை.

மனநலத்துக்கான செலவு என்று பெயர் போடாத பல முடிவுகளும் மனநலத்தைத் தொடுகின்றன. 2021-இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் ஆனது. சித்தியை மாத்திரைக்குக் கூட்டிக்கொண்டு போகிற அம்மாவுக்கு அன்றைக்கே செலவு பாதியானது. அது போக்குவரத்துத் துறையின் கணக்கு, எங்கள் வீட்டில் அது மருத்துவச் செலவு. ஆபத்தான பூச்சிமருந்துகள் கடையில் சுலபமாகக் கிடைக்காமல் செய்வது வேளாண்மைத் துறை முடிவு, ஆனால் உயிர்களைக் காப்பதில் அதற்கு ஈடான மனநலத் திட்டம் குறைவு. தமிழ்நாடு 2023-இல் அப்படிச் சிலவற்றைத் தற்காலிகமாகத் தடை செய்தது. எதிர்ப்பக்கத்தில் டாஸ்மாக். 2003-லிருந்து சில்லறை மது விற்பனை அரசின் கையில். 2023-24-இல் அதிலிருந்து வந்த வருவாய் 45,000 கோடிக்கும் மேல். ஒரு கையால் விற்றுவிட்டு இன்னொரு கையால் குடிபோதை மறுவாழ்வு மையம் நடத்துகிற அரசுக்கு, அந்தக் கணக்கிலிருந்து சில பைசாக்களை மனநலத்துக்குத் திருப்பிவிடுவது கஷ்டமா என்ன?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. மனச்சிதைவு மாத்திரையும் அதே வகைதான், வருஷக்கணக்கில், விடாமல், சாப்பிட வேண்டியது. அதுவும் அதே பையில் வந்தால் ஜன்னலில் நிற்க வேண்டிய தேவையே பாதி குறையும். எனக்கு ஒரே ஒரு கோரிக்கை வைக்கும் வாய்ப்புக் கிடைத்தால் அதைத்தான் வைப்பேன். புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம்.

இன்றைக்கே பயன்படுகிற ஒன்றிரண்டு விஷயங்கள். மனம் தாங்க முடியாத அளவுக்குப் பாரமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. நீண்டகால மனநோய் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறன் வகைகளில் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் கிடைத்தால் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். நன்றாக இருக்கிற நாளில் சித்தியைக் கூட்டிப் போனால் "நல்லாத்தானே இருக்காங்க" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், பழைய சீட்டு எல்லாவற்றையும் கோர்த்து எடுத்துப் போங்கள்.

மாத்திரை இல்லை என்று ஜன்னலில் சொன்னால், எந்த மாத்திரை, எந்தத் தேதியில் இல்லை என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதுமே சில சமயம் மாத்திரை வந்துவிடும், அதையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சீட்டின் நகலோடு திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் மனு கொடுக்கலாம். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மருத்துவ இணை இயக்குநர் அலுவலகத்துக்கு மூன்று கேள்விகள் அனுப்பலாம்: மாவட்ட மனநலக் குழுவில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அதில் இன்று ஆள் இருப்பது எத்தனை, போன வருஷம் எந்தெந்த மனநல மாத்திரை எத்தனை நாள் இருப்பில் இல்லை. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.